செத்த நோட்டும் சாகாத இருப்பும்

எங்கள் ஊரில் சட்டம் படிக்காதவர்களுக்கும் தெரிந்த சட்டம் ஒன்று உண்டு. மூணு வருஷம் தாண்டினால் கடனுக்கு எழுதிக்கொடுத்த நோட்டு செத்துப் போச்சு. டீக்கடையில், மண்டியில், கல்யாணப் பந்தியில், எங்கே கடன் பேச்சு வந்தாலும் யாராவது ஒருத்தர் இதைச் சொல்லாமல் இருக்க மாட்டார். கொடுத்தவர் பயத்தோடு சொல்வார், வாங்கியவர் கொஞ்சம் நிம்மதியோடு சொல்வார். அப்பாவுக்கு மட்டும் இந்தப் பேச்சே பிடிக்காது. "வாங்கினது வாங்கினதுதான். காலண்டரைக் கிழிச்சா கடனும் கிழிஞ்சிருமா?" என்பார். இந்த இரண்டு கட்சிக்கும் நடுவில் நின்று ரொம்ப நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். இரண்டு பக்கமும் பாதி தெரிந்துகொண்டுதான் பேசுகிறார்கள் என்று இப்போது தோன்றுகிறது.

யோசிக்க வைத்தது எங்கள் கடைதான். விருதுநகர் பக்கம் ஒரு சின்ன ஊரில் அப்பா மளிகைக் கடை வைத்திருந்தார். இதய அறுவைச் சிகிச்சைக்கு அப்புறம் மூட்டை தூக்க முடியவில்லை, கல்லாவில் உட்காரவும் முடியவில்லை. 2024 தொடக்கத்தில் கடையை மூடினோம். சரக்கு விற்ற பணமும் கடை அட்வான்ஸும் கையில் இருந்தன. கொடுக்க வேண்டியதோ அதைவிட அதிகம். வீட்டுப் பத்திரத்தை வைத்து வங்கியில் வாங்கிய கடன். கூட்டுறவு வங்கியில் அம்மாவின் நகை. மண்டிக்காரருக்கு 2017 தீபாவளிச் சரக்கில் தகராறாகி நின்றுபோன பாக்கி ஒன்று, 2023 பொங்கல் சரக்குப் பாக்கி இன்னொன்று. ஃபைனான்ஸ்காரரிடம் புரோ நோட்டு எழுதி வாங்கிய இரண்டு லட்சம். கடைசியாக, அப்பாவின் நோட்டுப் புத்தகத்தில் பின்பக்கம் தனியாக எழுதியிருந்த ஒரு கணக்கு. அதற்குப் பிறகு வருகிறேன், சொல்ல வந்ததே அதைத்தான்.

யாருக்கு முதலில் கொடுப்பது என்பதில் எங்கள் வீட்டில் எழுதாத விதி ஒன்று இருந்தது: யார் வாசலில் வந்து நிற்கிறாரோ அவருக்கு முதலில். பெரும்பாலான வீடுகளில் இதுதான் விதி என்று நினைக்கிறேன். சத்தம் போடுகிறவருக்குப் பணம் போகும், கடிதம் அனுப்புகிறவருக்குப் பதில் போகும், சும்மா இருக்கிறவருக்கு ஒன்றும் போகாது. அந்தக் கணக்கில் பார்த்தால் எங்கள் பட்டியலில் முதலிடம் ஃபைனான்ஸ்காரருக்கு. அவர் ஆள் வாரம் தவறாமல் வந்தார்.

பேனா கேட்ட அப்பா

அந்த நோட்டின் கதை இது. 2016-ல் எழுதியது, நூற்றுக்கு இரண்டு வட்டி. 2018 ஜூன் 10-ம் தேதி ஐயாயிரம் கொடுத்ததற்கு நோட்டின் பின்பக்கம் வரவு எழுதி அப்பா கையெழுத்துப் போட்டிருக்கிறார். அதன் பிறகும் மாதம் நாலாயிரம் வட்டி போய்க்கொண்டுதான் இருந்தது, 2020 மார்ச்சில் ஊரடங்கு வரும்வரை. ஆனால் வசூலுக்கு வருகிறவர் அதைத் தன் சிட்டைப் புத்தகத்தில் தானே எழுதிக்கொண்டு போய்விடுவார். அப்பாவின் கையெழுத்து வாங்கியதில்லை. ஊரடங்கில் நின்ற வட்டி அப்புறம் தொடரவில்லை. வட்டியாக மட்டும் மொத்தம் ஒரு லட்சத்து எண்பதாயிரம் போலக் கட்டியிருப்போம்.

கடை மூடிய செய்தி கேட்டு அவர்கள் கணக்குப்பிள்ளை வீட்டுக்கு வந்தார். அதட்டல் இல்லை, மிரட்டல் இல்லை, மகா மரியாதை. "அண்ணாச்சி, உடம்பைப் பாருங்க. பணம் எங்கே போயிரும்? நோட்டுதான் ரொம்பப் பழசாப் போச்சு. புதுசா ஒண்ணு எழுதி வச்சுக்கிட்டா எங்க முதலாளிக்கும் ஒரு திருப்தி" என்றார். போகிற போக்கில் என்னைப் பார்த்து, "அப்பா கடன் மகன் தலையிலதானே தம்பி, நீங்களும் கீழே ஒரு கையெழுத்துப் போட்டுருங்க" என்றும் சொன்னார். ரெவின்யூ ஸ்டாம்ப்கூடக் கொண்டுவந்திருந்தார். அப்பா பேனா கேட்டார். அவரைப் பொறுத்தவரை அதில் யோசிக்க என்ன இருக்கிறது? வாங்கியது உண்மை, உண்மைக்குக் கையெழுத்துப் போட என்ன தயக்கம்? அம்மாதான் சமையலறையிலிருந்து, "பேனா எங்கேயோ கிடக்கு, தேடி எடுத்து வைக்கிறேன், ஞாயித்துக்கிழமை வாங்க" என்று அனுப்பி வைத்தார். பேனா அப்பாவின் சட்டைப்பையில் இருந்தது. அது எல்லோருக்கும் தெரிந்தது.

அன்று சாயங்காலம் விருதுநகரில் வக்கீலாக இருக்கும் மாமாவிடம் போனோம். அவர் நோட்டின் நகலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது போன வருஷம் மே மாசக் கடைசியோட முடிஞ்சு போச்சே" என்றார். எனக்குக் கணக்கு இடித்தது. 2018 ஜூனிலிருந்து மூன்று வருடம் என்றால் 2021 ஜூன்தானே? அப்போதுதான் கொரோனா கணக்கைச் சொன்னார். 2020 மார்ச் 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரையிலான காலத்தை எந்தக் காலக்கெடுவிலும் சேர்க்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்த மார்ச் 15 அன்று எவ்வளவு நாள் மிச்சம் இருந்ததோ, அது 2022 மார்ச் 1-லிருந்து மறுபடி ஓட ஆரம்பிக்கும். எங்கள் நோட்டுக்கு ஒரு வருடமும் மூன்று மாதத்துக்குச் சில நாள் குறைவாகவும் மிச்சம் இருந்தது. எனவே 2023 மே. டீக்கடைச் சட்டத்தை நம்பி 2021-லேயே நிம்மதியாகிவிட்ட எத்தனை பேருக்கு 2022-ல் சம்மன் வந்ததோ தெரியாது.

அப்படியானால் இடையில் கட்டிய வட்டி? வட்டியோ அசலில் ஒரு பகுதியோ கட்டினால் காலம் புதிதாகத் தொடங்கும், உண்மைதான். ஆனால் கட்டியவர் கையால் எழுதியோ கையெழுத்திட்டோ அதற்கு ஒரு பதிவு இருக்க வேண்டும். காசோலையாகக் கொடுத்திருந்தால் அதில் இருக்கும் கையெழுத்தே போதும் என்று நீதிமன்றங்கள் ஏற்றிருக்கின்றன. வாங்கியவர் தன் சிட்டையில் தானே எழுதிக்கொண்டது எத்தனை பக்கமானாலும் உதவாது. அதனால்தான் பழைய ஆட்கள் நோட்டின் முதுகில் வரவு எழுதிக் கையெழுத்து வாங்காமல் பத்து ரூபாய்கூட வாங்கமாட்டார்கள். எங்கள் ஃபைனான்ஸ்காரரிடம் அந்தப் பழக்கம் விட்டுப்போயிருந்தது.

"அப்ப கடன் போச்சா மாமா?" என்று கேட்டேன். "கடன் எங்கேயும் போகலை. கோர்ட்டுக்குப் போற வழிதான் அடைஞ்சிருக்கு" என்றார். அப்பா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! அவர் கட்சி ஜெயித்துவிட்டது. 1963-ம் வருடத்துக் காலவரையறைச் சட்டம் வழக்குப் போடும் உரிமையைத்தான் நிறுத்துகிறது, கடனை அழிப்பதில்லை. கெடு தாண்டிய கடனை ஒருவர் தானாகக் கொடுத்தால் அது கடனைத் தீர்த்ததுதான், அப்புறம் தெரியாமல் கொடுத்துவிட்டேன் என்று திருப்பிக் கேட்க முடியாது. எதிராளி வாயே திறக்காவிட்டாலும், கெடு தாண்டிய வழக்கைத் தள்ளுபடி செய்ய வேண்டியது நீதிபதியின் கடமை என்று அதே சட்டம் சொல்கிறது. அதற்காக சம்மன் வந்தால் போகாமல் இருந்துவிடாதே என்று மாமா தனியாக எச்சரித்தார். நீதிபதி கையில் இருப்பது வாதி கொடுக்கும் காகிதம் மட்டும்தான். ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகிவிட்டால் அதை நிறைவேற்றப் பன்னிரண்டு வருடம் அவகாசம் இருக்கிறது.

பேனா விஷயத்துக்கு வருகிறேன். கெடுவுக்குள் இருக்கும்போது, இவ்வளவு பாக்கி என்று எழுத்தில் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டாலே போதும், புதிதாக மூன்று வருடம் கிடைத்துவிடும். மின்னஞ்சலில் ஒப்புக்கொண்டதையும் ஏற்ற தீர்ப்புகள் உண்டு. கெடு தாண்டிய பிறகு வெறும் ஒப்புதல் செல்லாது. ஆனால் தருகிறேன் என்று எழுத்தில் வாக்குக் கொடுத்துக் கையெழுத்திட்டால், 1872-ம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 25-வது பிரிவின்படி அதுவே ஒரு புது ஒப்பந்தம். பழைய கடனுக்கு மறுபடி உயிர் வந்துவிடும். கணக்குப்பிள்ளை அவ்வளவு பணிவாகக் கேட்டது அந்த ஒரு காகிதத்தைத்தான். நானும் கையெழுத்துப் போட்டிருந்தால் அப்பாவின் கடனோடு என் சம்பளமும் சேர்ந்து மாட்டியிருக்கும். "அப்பன் கடன் மகன் தலையிலயா? அந்தத் தர்மக் கடமையை எல்லாம் 2005 செப்டம்பரோட எடுத்தாச்சு. அப்பா விட்டுப்போற சொத்து அளவுக்குத்தான் வாரிசுக்குப் பொறுப்பு. அதுவும் அவர் காலத்துக்கு அப்புறம். இப்பவே என்ன அவசரம் அவங்களுக்கு?" என்று மாமா சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை.

எல்லாவற்றுக்கும் மூன்று வருடம் இல்லை

மீதிப் பட்டியலைச் சீக்கிரம் முடித்துவிடலாம். வீட்டை அடமானம் வைத்த கடனுக்குக் கெடு பன்னிரண்டு வருடம். ஆனால் வங்கி அவ்வளவு நாள் காத்திருக்கப் போவதில்லை. தவணை தொண்ணூறு நாள் தாண்டி நின்றால் வாராக்கடன் என்று எழுதி, அறுபது நாள் நோட்டீஸ் விட்டு, கோர்ட்டுக்குப் போகாமலே வீட்டைக் கையகப்படுத்த 2002 சட்டம் வழி கொடுக்கிறது. நகைக்கடனில் இன்னும் எளிது. பொருள் அவர்கள் கையிலேயே இருக்கிறது, முறையாக அறிவிப்புக் கொடுத்து ஏலம் விடலாம். மூன்று வருடம் ஆனதால் நகையைத் திருப்பிக் கொடு என்று யாரும் கேட்க முடியாது. ஆக, சத்தமே போடாத இந்த இரண்டும்தான் பட்டியலில் தலை. அம்மாவின் நகையை முதலில் மீட்டோம். வீட்டுத் தவணையில் நின்றதைக் கட்டி நேராக்கினோம்.

மண்டிக்காரர் கணக்கில் மாமா சொன்ன ஒரு விஷயத்தை எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். ஒரே ஆளுக்கு இரண்டு பாக்கி இருக்கிறது, ஒன்று கெடு தாண்டியது, இன்னொன்று தாண்டாதது என்று வைத்துக்கொள்வோம். பணம் கொடுக்கும்போது எதற்கு என்று நாம் சொன்னால் அவர் அதற்குத்தான் வரவு வைக்க வேண்டும். சொல்லாவிட்டால் அவர் இஷ்டம். கெடு தாண்டிய பாக்கிக்கே வரவு வைத்துக்கொள்ளலாம் என்று ஒப்பந்தச் சட்டத்தின் 60-வது பிரிவு வெளிப்படையாகவே சொல்கிறது. நாம் நல்ல பிள்ளையாக ஐம்பதாயிரம் அனுப்புவோம். அது 2017 தகராறுப் பாக்கியில் போய் விழும். 2023 பாக்கி அப்படியே முழுசாக நிற்கும், வழக்கும் வரும். எனவே அனுப்பும்போதே "2023 பொங்கல் சரக்குப் பில் கணக்கில்" என்று வாட்ஸ்அப்பில் எழுதி, வங்கிக் குறிப்பிலும் எழுதி அனுப்பினேன். மண்டிக்காரர் போன் போட்டு, "என்ன தம்பி, வக்கீல் வச்சுட்டீங்களா?" என்றார். கொஞ்சம் கோபம்தான். ஆனால் அப்படியே வரவு வைத்தார்.

பின்பக்கக் கணக்கு

அப்பாவின் நோட்டுப் புத்தகத்தில் பின்பக்கத்திலிருந்து தலைகீழாக ஆரம்பித்து எழுதியிருந்த கணக்குக்குத் தலைப்பு, கடையில் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்த அண்ணனின் பெயர். எங்கள் பக்கத்துக் கடைகளில் இது புதிதில்லை. சம்பளத்தை வீட்டுக்குக் கொண்டுபோனால் செலவாகிவிடும் என்று கொஞ்சத்தை முதலாளியிடமே விட்டுவைப்பார்கள். வீடு மராமத்து, கல்யாணம், காதுகுத்து என்று வரும்போது வாங்கிக்கொள்வார்கள். அண்ணன் 2009-லிருந்து அப்படி விட்டுவைத்திருக்கிறார். 2018-க்குப் பிறகு புதிதாக எதுவும் சேரவில்லை. 2021-ல் மகள் கல்யாணத்துக்கு அறுபதாயிரம் கேட்டு வாங்கியிருக்கிறார். அது போக நிற்பது ஒரு லட்சத்துப் பதினாலாயிரம். சீட்டு கிடையாது, ஸ்டாம்ப் கிடையாது, அவர் கையில் ஒரு துண்டுக் காகிதம்கூடக் கிடையாது.

கடை மூடிய பிறகும் அவர் பணத்தைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. அப்பாவைப் பார்க்க வருவார், மாத்திரை சாப்பிட்டாச்சா முதலாளி என்று கேட்பார், காபி குடித்துவிட்டுப் போய்விடுவார். உறவுக்குள் ஒருத்தர், பெயர் வேண்டாம், "அது ஆறு வருஷக் கணக்கு, செத்துப் போனது. இருக்கிறதை வச்சு முதல்ல ஃபைனான்ஸை முடி, அவன் வில்லங்கமான ஆளு" என்று எனக்குப் புத்தி சொன்னார். அப்பா கொடுக்க வேண்டும் என்றுதான் சொன்னார். ஆனால் அவரும் அதைக் கடைசியில்தான் வைத்திருந்தார். நம்ம அண்ணன்தானே, பொறுத்துக்கொள்வார்.

மாமாவிடம் இதைச் சொன்னபோது எழுந்து போகத் தயாராக இருந்தவர் மறுபடி உட்கார்ந்தார். புத்தகத்தைக் கேட்டார். "இது கொடுக்காம விட்ட சம்பளமா, கொடுத்துட்டு அவர் உங்ககிட்ட விட்டு வச்சதா?" என்றார். என்ன வித்தியாசம் என்று எனக்குப் புரியவில்லை. இரண்டிலும் பணம் எங்கள் கல்லாவில்தானே இருந்தது? அவர் விளக்கினார். கொடுக்காத சம்பளம் என்றால், அது கொடுக்க வேண்டிய நாளிலிருந்து மூன்று வருடம், எப்போதோ முடிந்த கதை. அண்ணன் அப்பாவுக்குக் கடனாகக் கொடுத்தது என்றால், கேட்கும்போது தருகிறேன் என்று பேசியிருந்தாலும் கடன் கொடுத்த நாளிலிருந்து மூன்று வருடம், அதுவும் முடிந்த கதை. ஆனால் கேட்கும்போது தர வேண்டும் என்று நம்பி வைத்துப்போன வைப்புத்தொகை என்றால், மூன்று வருடம் ஓட ஆரம்பிப்பதே அவர் கேட்கிற நாளிலிருந்துதான். சட்டத்தின் அட்டவணையில் 21-வது இனமும் 22-வது இனமும் அடுத்தடுத்து இருக்கின்றன. பணம் ஒன்றுதான், எந்த வரியில் விழுகிறது என்பதில் இருக்கிறது அதன் ஆயுள்.

அப்பாவைக் கேட்டார். அப்பா புத்தகத்தை முன்பக்கம் திருப்பிக் காட்டினார். ஒவ்வொரு மாதமும் முழுச் சம்பளமும் கொடுத்ததாகப் பற்று எழுதி அண்ணன் கையெழுத்து இருந்தது. அதே தேதியில் பின்பக்கத்தில் "வைப்பு" என்று ஆயிரமோ ஆயிரத்து ஐந்நூறோ வரவு இருந்தது. நாற்பது வருடம் கடை நடத்தியவர் ஒரு நாளும் கணக்கைக் கலந்து எழுதியதில்லை. "அறுபதாயிரம் வாங்கினப்போ மீதியும் வேணும்னு கேட்டாரா?" என்று மாமா கேட்டார். "அதெப்படிக் கேப்பான்? அது மருமகன் தலை தீபாவளிக்கு, பேரன் பேத்திக்குன்னு வச்சிருந்தான்" என்றார் அப்பா.

"அப்ப இன்னும் காலம் ஓடவே ஆரம்பிக்கலை" என்றார் மாமா. "உங்க பட்டியல்ல உயிரோட இருக்கிற கணக்கு இது. நீங்க பயப்படுற அந்த நோட்டு இல்லை."

எனக்கு அது வெகு நேரம் உறுத்தியது. சட்டம் பெரிய மனது பண்ணி அண்ணனைக் காப்பாற்றிவிட்டது என்று சொல்ல வரவில்லை. சட்டப்படி அவர் பணம் சாகவில்லை, ஆனால் அதை நிரூபிக்க இருக்கும் ஒரே சாட்சி எங்கள் வீட்டு அலமாரியில் இருக்கும் புத்தகம். ஒழுங்காக எழுதிவந்த கணக்குப் புத்தகத்தை நீதிமன்றம் பார்க்கும், சரி. கடை மூடும்போது பழைய புத்தகத்தை எல்லாம் எடைக்குப் போட்டிருந்தால்? உறவினர் சொன்ன புத்தியின் அர்த்தமே அதுதானே? கெடு தாண்டிய காகிதத்தை வைத்துக்கொண்டு ஒருத்தர் வாராவாரம் வருகிறார். கெடு தாண்டாத பணத்தை வைத்துவிட்டு ஒருத்தர் மாத்திரை சாப்பிட்டாச்சா என்று கேட்டுவிட்டுப் போகிறார். நாங்கள் இத்தனை நாள் பயத்தை வைத்து வரிசை போட்டிருந்தோம். மூணு வருஷச் சட்டமும் அப்பாவின் மானமும் இந்த விஷயத்தில் ஒரே தவறைத்தான் செய்தன: இரண்டுமே நோட்டைப் பற்றி மட்டும் யோசித்தன.

ஞாயிற்றுக்கிழமை கணக்குப்பிள்ளை வந்தார். எதிலும் கையெழுத்துப் போடுவதாக இல்லை என்று நான் சொன்னேன். வழக்குப் போடுவோம் என்றார். போடுங்கள் என்றேன். அப்புறம் அவர் வருவது குறைந்து, இப்போது போன் மட்டும்தான்.

அதே வாரம் அப்பா பேனாவை எடுத்தார். அண்ணனின் வைப்பு ஒரு லட்சத்துப் பதினாலாயிரம் தன்னிடம் இருக்கிறது, மாதம் ஆறாயிரமாகத் தருகிறேன் என்று தன் கையால் எழுதி, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு, அண்ணனிடம் கொடுத்தார். அண்ணனுக்கு முகம் சுருங்கிவிட்டது. "என்ன முதலாளி, என்னைய வெளியாள் ஆக்கிட்டீங்க" என்று வாங்க மறுத்தார். அம்மாதான் அதை நாலாக மடித்து, அவர் மனைவியிடம் கொண்டுபோய்க் கொடுத்து, பத்திரமாக வைக்கச் சொல்லிவிட்டு வந்தார். பணம் மாதா மாதம் அவர் வங்கிக் கணக்குக்குப் போகிறது. இன்னும் ஒருசில தவணைதான் பாக்கி.

அது முடிந்ததும் அந்த இரண்டு லட்சத்தைப் பற்றி எனக்கும் அப்பாவுக்கும் சண்டை இருக்கிறது. நோட்டில் கையெழுத்துப் போட மாட்டேன், ஆனால் அசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து நோட்டைத் திருப்பி வாங்குவேன் என்கிறார். கிட்டத்தட்ட அசல் அளவுக்கு வட்டி வாங்கித் தின்றவர்களுக்கு இன்னும் என்ன என்பது என் கட்சி. 1938-ல் ராஜாஜி மந்திரிசபை கொண்டுவந்த விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டத்தைக்கூட எடுத்துக் காட்டினேன். அசலைப் போல இரண்டு மடங்கு கட்டியிருந்தால் கடன் தீர்ந்தது என்று அதில் இருந்தது. அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்: "நான் விவசாயியா? ரெண்டு மடங்கு கட்டினேனா? ஒரு மடங்குக்கே இன்னும் இருபதாயிரம் குறையுதேப்பா."